மகஜரில் இல்லாத சுவர்

அந்தச் சுவரை நான் முதன்முதலில் பார்த்தது 2011 ஆம் ஆண்டில். வழக்கு முடிந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அமர்வு நீதிமன்றம் விதித்த ஆயுள் தண்டனையை உயர் நீதிமன்றமும் 2008 இல் உறுதி செய்துவிட்டது. என் கட்சிக்காரர் அஸ்தம்பட்டி மத்திய சிறையில் தண்டனைக் கைதியாக இருந்தார். நான் ஒரு பாகப்பிரிவினை வழக்குக்காக அம்மாப்பேட்டைப் பக்கம், தறிக்காரர்கள் வாழும் ஒரு சந்தில், யாரோ ஒருவர் வீட்டு வாசற்படியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொடுத்த அம்மாள், இந்த வீட்டில் முன்பு ஒரு கொலை வழக்குச் சாட்சி குடியிருந்தார், இப்போது ஈரோட்டுக்குப் போய்விட்டார் என்று பேச்சுவாக்கில் சொன்னார். பெயரைக் கேட்டேன். சொம்பைத் திண்ணையில் வைத்துவிட்டேன்.

அ.சா.2. அரசுத் தரப்பின் இரண்டாவது சாட்சி. "என் வீட்டு வாசற்படியில் நின்றிருந்தேன், தெருக்குழாயடியில் எதிரி குத்தியதைப் பார்த்தேன்" என்று கூண்டில் ஏறிச் சொன்னவர். அந்த வழக்கில் நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய வாசற்படியில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்து குழாயடி தெரியவில்லை. இடையில் ஒரு சுவர் இருந்தது. என் உயரத்துக்கு மேல் இன்னும் ஒரு முழம். சுண்ணாம்புக் காரை உதிர்ந்த பழைய செங்கல் சுவர். புதிதாகக் கட்டியதாக இருக்கட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் விசாரித்தேன். "என் தகப்பனார் கட்டியது. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே இருக்கிறது" என்றார்.

அலுவலகத்துக்குத் திரும்பி, பரணில் இருந்த பழைய கேஸ் கட்டை இறக்கிப் பிரித்தேன். காவல்துறையின் மாதிரி வரைபடத்தில் குழாயடிக்கு எண் 1, வாசற்படிக்கு எண் 2. இரண்டுக்கும் நடுவே நேர்க்கோடு, 35 அடி. சுவர் இல்லை. சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதி வைக்கும் குறிப்பான பார்வை மகஜரிலும் இல்லை. அந்தச் சாட்சியை நான் நாற்பது நிமிடங்கள் குறுக்கு விசாரணை செய்திருந்தேன். இறந்தவருக்கு என்ன உறவு, என்ன முன்விரோதம், வாக்குமூலம் நீதிமன்றத்துக்கு வர ஏன் தாமதம் என்று எல்லாவற்றையும் கேட்டிருந்தேன். சுவரைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அந்த மாதம் எனக்கு மூன்று அமர்வு வழக்குகள் விசாரணையில் இருந்தன. என் அலுவலகத்திலிருந்து அந்தச் சந்துக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிடம். நான் போகவில்லை.

குற்றவியல் வழக்கறிஞராக முப்பது ஆண்டுகள் என்னதான் செய்தேன் என்று இளைய தலைமுறை நண்பர் ஒருவர் எழுதச் சொன்னார். எங்கே தொடங்குவது என்று யோசித்தபோதெல்லாம் அந்தச் சுவர்தான் முன்னால் வந்து நின்றது. இங்கே வரும் வழக்குகளில் ஊர், உறவு, காலம் ஆகியவற்றைச் சற்று மாற்றியிருக்கிறேன். என்னை நம்பிப் பேசியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பைத் தருவது என் கடமை.

1994 இல் பதிவு செய்துகொண்டு, சேலத்தில் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். கொலை வழக்குகளில் பெயர் பெற்றவர். அவர் மேஜைக்குப் பின்னால் சட்டப் புத்தகங்களுக்குச் சமமாகப் பாம்புப் பஞ்சாங்கங்கள் அடுக்கியிருக்கும், முப்பது ஆண்டுகளுக்கு உரியவை. "நிலா வெளிச்சத்தில் பார்த்தேன்" என்று ஒரு சாட்சி சொன்னால், அன்றைக்கு என்ன திதி என்று அந்தப் பக்கத்தைப் புரட்டுவார். தேய்பிறை ஏகாதசியாக இருந்தால் சந்திரன் எழவே பின்னிரவு ஆகும். ஒன்பது மணிக்கு நடந்த சம்பவத்தில் நிலா வெளிச்சத்துக்கு வழியில்லை.

அவர் ஒரு வரிசை வைத்திருந்தார். "முதலில் கட்டைப் படி, தம்பி. பிறகு இடத்தைப் போய்ப் பார். கட்சிக்காரனிடம் கடைசியாகப் பேசு." எனக்கு அது தலைகீழாகத் தோன்றியது. சிறையில் ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, அவரிடம் கடைசியாகவா பேசுவது? காரணம் கேட்டேன். ஒருவன் கதையை முதலில் கேட்டுவிட்டால் அதன் பிறகு காகிதத்திலும் இடத்திலும் அந்தக் கதையையே தேடுவாய், அங்கே என்ன இருக்கிறது என்பது உன் கண்ணில் படாது என்றார்.

காகிதம் என்றால் எது என்று இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். முதல் தகவல் அறிக்கை எழுதப்பட்ட நேரம் அதிலேயே இருக்கும். அது தாமதமின்றி நீதித்துறை நடுவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம். நடுவர் அதைப் பெற்றுக்கொண்ட தேதியையும் நேரத்தையும் எழுதிச் சுருக்கொப்பம் இடுவார். இந்த இரண்டு நேரங்களுக்கும் இடையே உள்ள இடைவெளியைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம். அடுத்தது மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு. குத்துப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடும் அந்தப் பதற்றத்தில், போலீஸ் வந்து சேர்வதற்கு முன்பே, "தெரிந்த நபர் ஒருவர் கத்தியால் குத்தியதாக" என்று பணி மருத்துவர் இரண்டு வரி எழுதியிருப்பார். ஒருவர் என்று எழுதியது, மறுநாள் காலை முதல் தகவல் அறிக்கையில் ஐந்து பேராக ஆகியிருக்கும். மற்ற நால்வர் எங்கிருந்து வந்தார்கள்? அண்ணன், தம்பி, மைத்துனன் என்று ஒரு குடும்பத்தையே சேர்த்துவிடுவது நம் பக்கத்தில் பழைய வழக்கம். அந்த நால்வரின் வாழ்க்கை அந்த இரண்டு வரிகளில் தொங்கிக்கொண்டிருக்கும்.

1997 இல் ஏற்காட்டு வழக்கு ஒன்று வந்தது. காப்பித் தோட்டம், அறுவடைக் காலம், மார்கழி மாதம். தோட்டத்து வேலையாட்கள் குடியிருப்புக்குப் போகும் பாதையில் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஓர் இளைஞர்மீது வழக்கு. இரவு 11 மணிக்குப் பதிவானதாகச் சொல்லப்பட்ட முதல் தகவல் அறிக்கை, சேலத்தில் இருந்த நடுவர் வீட்டுக்கு மறுநாள் மாலை 4 மணிக்கு வந்திருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகள்தான், முப்பது கிலோமீட்டர்தான். ஜீப்பில் இறங்கினால் ஒரு மணி நேரம். பதினேழு மணி நேரம் அந்தக் காகிதம் எங்கே இருந்தது?

ஆனால் சீனியர் அதோடு நிற்கவில்லை. அடுத்த மார்கழி வரும்வரை காத்திருந்து, சம்பவம் நடந்த அதே நேரத்துக்கு என்னையும் குமாஸ்தாவையும் கூட்டிக்கொண்டு மலைக்கு வந்தார். மகஜரில் "கம்பத்தில் மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது" என்று எழுதியிருந்தது. விளக்குக் கம்பம் இருந்தது, உண்மைதான். டேப் பிடித்து அளந்தோம். சாட்சி நின்ற இடத்திலிருந்து 140 அடி. என்னை அங்கே நிற்க வைத்துவிட்டு, அறுபது வயதைக் கடந்த அந்த மனிதர் வெள்ளை வேட்டியோடு விளக்கின் அடியில் போய் நின்றார். சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகளும் ஒரு பக்கத்தை மறைத்தன. மறுபக்கம் மூட்டம். கம்பத்தின் உச்சியில் மஞ்சளாக ஒரு கறை மட்டும் தெரிந்தது. கீழே நின்றவர் தெரியவில்லை. "தெரிகிறதா?" என்று அவர் குரல் கொடுத்தார். குரல் வந்த திசைகூட எனக்குப் பிடிபடவில்லை.

விசாரணையில் அவர் அந்தச் சாட்சியிடம் கேட்டவை நான்கே கேள்விகள். எவ்வளவு காலமாக அந்த ஊரில் இருக்கிறீர்கள்? மலையிலேயே பிறந்தவரா? அன்று மார்கழி மாதம்தானே? அன்று இரவு மூட்டம் இருந்ததா? சாட்சிக்கு மலைக்காரர் என்ற பெருமிதம் வந்துவிட்டது. "மார்கழியில் மூட்டம் இல்லாத ராத்திரி எது, ஐயா?" என்று திருப்பிக் கேட்டார். சீனியர் வணங்கிவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஐந்தாவது கேள்வி கேட்க என் நாக்கு துடித்தது. அவர் என் கையைப் பிடித்து அமர்த்தினார்.

சந்தேகத்தின் பலன் எதிரிக்கு அளிக்கப்பட்டு, விடுதலை. 'எதிரி' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் நடக்கும் நீதிமன்ற ஆவணங்களில் குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் அதுதான்: முதல் எதிரி, இரண்டாம் எதிரி. எனக்கு அந்தச் சொல் உறுத்தாத நாள் இல்லை. குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவரைக் குற்றமற்றவராகவே கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நாமோ கூண்டில் ஏறும் முதல் நாளிலேயே அவரை எதிரி என்று கூப்பிடுகிறோம். யாருக்கு எதிரி?

அந்த விடுதலைக்கு இரண்டு வாரம் கழித்து, இறந்தவரின் தம்பி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வாசலில் அவரைக் கண்டதும் குமாஸ்தா எழுந்து நின்றுவிட்டார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தோம். அவர் கேட்டது அண்ணனின் பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகல். ஏதோ உதவித்தொகைக்கு மனுப் போட வேண்டுமாம். எங்கே கேட்பது என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு எல்லா ஆவணங்களும் இலவசமாக வந்துவிடும். இறந்தவர் வீட்டுக்கு அப்படி எதுவும் வராது, அன்றைய சட்டம் அது. சீனியர் கட்டைப் பிரித்து, நகல் எடுத்து, உறையில் போட்டு, தானே எழுந்து போய் அவர் கையில் கொடுத்தார். "மனுவையும் நானே எழுதித் தருகிறேன், உட்காருங்கள்" என்றார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், வழக்கறிஞர் வைத்திருந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் அந்த நகல்களைத் தர வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். படித்தபோது அந்தத் தம்பியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. புதிய சட்டங்களில் எனக்கு ஒப்பாதவை பல உண்டு. இது நல்ல மாற்றம்.

கல்யாண வீடுகளில் என்னிடம் கேட்பார்கள்: கொலைகாரனுக்காகப் போய் நிற்கிறீர்களே, எப்படி முடிகிறது? கேட்பவர்கள் நல்லவர்கள். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள். அதனால் உண்மையாகவே பதில் சொல்கிறேன். இங்கிலாந்தில் பாரிஸ்டர்களுக்கு ஒரு விதி உண்டு. வரிசையில் முதலாவதாக நிற்கும் வாடகை வண்டிக்காரர் வந்து ஏறுபவர் யாராக இருந்தாலும் ஏற்றிக்கொண்டு போவதைப் போல, தம் துறைக்குள் வரும் வழக்கை ஆள் பார்த்து மறுக்கக் கூடாது. நம் இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளும், குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளி என்று வழக்கறிஞர் தனிப்பட நினைத்தாலும் அவருக்காக வாதாட வேண்டும் என்றே சொல்கின்றன. பக்கத்துக் கோயம்புத்தூரில் ஒரு வழக்கறிஞர் சங்கம், ஒரு வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட போலீசாருக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் போட்டது. அது உச்ச நீதிமன்றம் வரை போய், அப்படிப்பட்ட தீர்மானங்கள் எல்லாம் செல்லாதவை, அரசியலமைப்புக்கு விரோதமானவை என்று 2010 டிசம்பரில் தீர்ப்பானது. வக்கீல்கள் யாருக்காக வாதாட மறுத்தார்களோ அந்தப் போலீசாருக்காகவே வந்த தீர்ப்பு அது. அதனால்தான் எனக்கு அது மேலும் பிடிக்கும்.

ஆனால் விதியால் மட்டும் ஒருவர் முப்பது ஆண்டுகள் கொலை வழக்கு நடத்த முடியாது. எங்கள் ஊரில் இதற்கு ஒரு பரம்பரை இருக்கிறது. 1882 இல் சேலத்தில் நடந்த மதக் கலவரத்தில், அதைத் தூண்டியதாக விஜயராகவாச்சாரியார்மீது குற்றம் சாட்டிப் பத்தாண்டுத் தண்டனை விதித்தார்கள். முப்பது வயது அவருக்கு. வக்கீல் தொழிலில் அப்போதுதான் கால் வைத்திருந்தார். சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பிழைத்தேன் என்று அவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. அதே கலவரத்துக்காக அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களை மீட்கப் பாடுபட்டு வெளியே கொண்டுவந்தார். பின்னாளில், 1920 இல், நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்தார் என்பதைத்தான் பாடப்புத்தகம் சொல்லும். எனக்கு அந்த முந்தைய மனிதர்தான் முக்கியம். கூண்டிலிருந்து இறங்கியதும், இன்னும் கூண்டில் இருப்பவர்களை அவர் திரும்பிப் பார்த்தார்.

சிறையைப் பற்றியும் சேலத்துக்காரன் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. 1950 பிப்ரவரி 11 அன்று எங்கள் மத்திய சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். குடியரசு பிறந்து பதினாறு நாட்கள்தான் ஆகியிருந்தன. உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் 21 ஆம் உறுப்புக்கு வயது அவ்வளவுதான். விசாரணைக் கைதியைப் பார்க்க அந்த வாயிலைக் கடக்கும்போதெல்லாம் அந்த எண்ணிக்கை எனக்கு நினைவுக்கு வரும்.

குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்குகளையும் நடத்துகிறீர்களா என்று கேட்பார்கள். நடத்தியிருக்கிறேன். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தில், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குழந்தையிடம் நேராகக் கேள்வி கேட்காமல் நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். அந்த விதியை என் தொழில் நண்பர்கள் பலர் விலங்காக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு குழந்தையை மிரட்டித்தான் என் கட்சிக்காரரைக் காப்பாற்ற முடியும் என்றால், என்னிடம் வழக்கே இல்லை என்று பொருள்.

இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் 2009 இல் எனக்கு வந்த வழக்கு ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். சேலத்துக்குக் கிழக்கே, மரவள்ளியும் பாக்கும் விளையும் ஒரு கிராமம். மூன்று வயது மகளோடு கிணற்றில் விழுந்த ஒரு பெண். குழந்தை இறந்துவிட்டது. தாயை, மோட்டார்க் குழாயைப் பிடித்தபடி இருந்தவரை, மேலே தூக்கிவிட்டார்கள். பிரிவு 302, கொலை. பிரிவு 309, தற்கொலை முயற்சி.

சிறையில் அவரைப் பார்க்கப் போனபோது, "எனக்கு எதற்கு வக்கீல், ஐயா?" என்றார். வக்காலத்தில் கையெழுத்துப் போட மறுக்கவும் இல்லை. காகிதத்தை நீட்டினேன், போட்டார். வேறு காகிதத்தை நீட்டியிருந்தால் அதிலும் போட்டிருப்பார். அதற்குமேல் ஒரு சொல்லும் அவரிடமிருந்து வரவில்லை.

நல்லதங்காள் கதையைச் சொல்லும்போதெல்லாம் என் பாட்டி அழுவார். பஞ்சத்தில், பிறந்த வீட்டிலும் சோறு கிடைக்காமல், ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்தவள். அந்தக் கதை நம் சட்டத்துக்குள்ளும் வந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1989 இல் சென்னை உயர் நீதிமன்றம், கணவனின் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த ஒரு பெண்ணின் வழக்கில், நல்லதங்காளின் பெயரைச் சொல்லியே தீர்ப்பு எழுதியது. இந்தியத் தண்டனைச் சட்டம் 'கடுமையான, திடீரென்ற' சினமூட்டலுக்கு மட்டும்தான் சலுகை காட்டியது. ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுக ஏறிய துன்பத்துக்கு அதில் இடமில்லை. நீடித்த சினமூட்டலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று குற்றம் இறங்கியது. அந்தத் தீர்ப்பு என் கையில் இருந்தது. ஆனால் இந்தப் பெண் அந்தத் தீர்ப்புக்குள் வருவார் என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அரசுத் தரப்பு சொன்னது இது: வீட்டுக்குப் பின்னாலேயே கிணறு இருக்க, அரைக் கிலோமீட்டர் நடந்து வேறு கிணற்றுக்குப் போயிருக்கிறாள், தீர யோசித்துத் திட்டமிட்டிருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் இருந்த கிணறு பாழ்கிணறு, பாதிவரை மண்ணும் குப்பையும். அது ஒரு பதில்தான், ஆனால் போதாது. தண்ணீருள்ள கிணற்றைத் தேடிப் போனாள் என்பார்கள். வீட்டிலிருந்து அந்த இன்னொரு கிணறுவரை அவர் நடந்த வழியிலேயே நடந்தேன். வழி நேராகக் கிணற்றுக்குப் போகவில்லை. முதலில் தார்ச்சாலைக்குப் போனது. அங்கே பஸ் நிறுத்தம். அதற்கு எதிரே ஓலை வேய்ந்த டீக்கடை.

டீக்கடை அம்மாளிடம் நான் யார் என்று சொன்னேன். அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய், பரணிலிருந்து ஒரு கட்டைப்பையை எடுத்து வந்து பெஞ்சில் வைத்தார். "எட்டு மாதமாக வைத்திருக்கிறேன். யாராவது வந்து கேட்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் வரவில்லை" என்றார்.

பையில் குழந்தையின் கவுன்கள் இரண்டு, ஒரு துண்டு, ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு புடவை, முடிச்சுப் போட்ட கைக்குட்டையில் நாற்பத்தி மூன்று ரூபாய். அம்மா வீட்டுக்குப் போகத்தான் வந்திருக்கிறார். மாலை பஸ்ஸுக்காக நின்றிருக்கிறார். பஸ் வருவதற்குள் கணவன் வந்து, எல்லோர் கண் முன்னாலும் முடியைப் பிடித்து இழுத்து அடித்திருக்கிறான். கையை உதறிக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வயலுக்குள் ஓடியிருக்கிறார். பை பெஞ்சிலேயே கிடந்தது. மகஜரில் பஸ் நிறுத்தம் இல்லை, டீக்கடை இல்லை, பை இல்லை. வீடும் கிணறும் மட்டும் இருந்தன.

டீக்கடை அம்மாள் எங்கள் தரப்புச் சாட்சியாக வந்தார். நீதிமன்றத்தை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. டவாலி பெயரைக் கூப்பிட்டதும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். அரசு வழக்கறிஞர், இத்தனை நாள் ஏன் போலீசில் சொல்லவில்லை என்று கேட்டார். "கேட்டால்தானே சொல்ல முடியும்?" என்றார் அவர். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பையைத் திறந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டச் சொன்னார். அதுவரை மூன்று வாய்தாக்களில் தலை நிமிராமல் நின்ற என் கட்சிக்காரர், மஞ்சள் கவுனைக் கண்டதும் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு கீழே சரிந்துவிட்டார்.

கொலைக் குற்றச்சாட்டு இறங்கியது. கொலையாகாத மரணம் விளைவித்ததற்கான 304 ஆம் பிரிவின் முதல் பகுதியில் தண்டனை; மேல்முறையீட்டில் அது சிறையில் இருந்த காலத்தோடு முடிந்தது. வெளியே வந்தபின் அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். சான்றுப் பொருளாக நீதிமன்றத்தில் இருந்த அந்த மஞ்சள் கவுன். மனுப் போட்டு வாங்கிக் கொடுத்தேன். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அவருக்கு அது எட்டு ஆண்டுகள் தாமதமாக வந்தது.

இப்படி இடத்தைப் பார்க்கப் போய்க் கிடைத்தவை பல. போயும் ஒன்றும் கிடைக்காதவை அதைவிடப் பல. என் கட்சிக்காரர் செய்ததை அந்த இடமே எனக்குச் சொன்ன நாட்களும் உண்டு. அப்போதும் வழக்கை நடத்தினேன். தண்டனை எவ்வளவு, சட்டப்படி எந்தப் பிரிவு, மரண தண்டனையா ஆயுளா என்பதற்கும் ஒருவர் நின்று பேச வேண்டும். 1980 இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 'அரிதினும் அரிதான' வழக்குகளில் மட்டுமே தூக்கு என்று சொன்னது. எது அரிது என்று காட்டுவதற்கு, கூண்டில் நிற்பவர் எங்கே பிறந்து எப்படி வளர்ந்தார் என்று யாராவது போய்ப் பார்த்து வர வேண்டும் அல்லவா?

மறுபடி அந்தச் சுவருக்கு வருகிறேன். 2011 இல் அதைப் பார்த்த மறுநாளே சிறைக்குப் போய் என் கட்சிக்காரரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டேன். கால தாமதத்தை மன்னிக்கும்படி ஒரு மனுவோடு, சட்ட உதவி மூலம் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டு அனுமதி கேட்டோம். தள்ளுபடியானது. அவர் குத்தினாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்தச் சாட்சி நின்ற இடத்திலிருந்து அதைப் பார்த்திருக்க முடியாது என்பது தெரியும். அந்தச் சாட்சி இல்லாமல் வழக்கு நின்றிருக்காது என்பதும் தெரியும்.

2018 இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி, பத்தாண்டுகள் முடித்த ஆயுள் கைதிகளைத் தமிழக அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. அவர்களில் அவரும் வெளியே வந்தார். ஒரு மாதம் கழித்து அலுவலகத்துக்கு வந்தார். போகும்போது இருபத்தி நான்கு வயது. இப்போது காதோரம் நரைத்திருந்தது. நான் அவரை உட்கார வைத்து, வாசற்படியில் நின்றது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்து வாங்கிய அன்று புதிய ஆதாரம் ஒன்று கிடைத்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். நான் போகாததைச் சொல்லும் துணிவு அன்று எனக்கு இல்லை. ஏழு ஆண்டுகள் கழித்துச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அந்தச் சுவர் எனக்குத் தெரியுமே, ஐயா" என்றார். "சின்ன வயதில் அதன்மேல் ஏறித்தான் விளையாடுவோம். உங்களுக்கும் தெரியும் என்று நினைத்தேன். ஜட்ஜ் ஐயாவுக்கும் தெரிந்திருக்கும், தெரிந்துதான் தண்டனை கொடுத்தார் என்று நினைத்தேன்."

விசாரணையின்போது சிறையில் அவரை ஏழெட்டு முறை பார்த்திருக்கிறேன். முன்விரோதம் பற்றிக் கேட்டேன், அன்று எங்கே இருந்தாய் என்று கேட்டேன், கத்தி யாருடையது என்று கேட்டேன். உன் தெரு எப்படி இருக்கும் என்று கேட்கவில்லை. சாட்சிகள் முடிந்தபின் நீதிபதி அவரிடம் கேட்ட அறுபது கேள்விகளுக்கும், எல்லோரையும் போல, "பொய்" என்று ஒரே பதில் சொல்லும்படி சொல்லிக் கொடுத்திருந்தேன். இரண்டாவது சாட்சி பற்றிய கேள்விக்கும் அவர் "பொய்" என்றுதான் சொன்னார். ஏன் பொய் என்று சொல்ல அவரிடம் ஒரு சுவரே இருந்தது.

சீனியரின் வரிசையில் அன்றிலிருந்து ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். முதல் சந்திப்பில் கதை எதுவும் கேட்பதில்லை. ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, அந்த இடத்தை வரையச் சொல்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வரைகிறார்கள். சிலர் முதலில் தங்கள் வீட்டை வரைகிறார்கள், சிலர் கோயிலை. சம்பவ இடம் பல தாள்களில் ஓரத்தில்தான் வருகிறது.

போன வாரம் மலையிலிருந்து வந்திருக்கும் ஓர் இளைஞனிடம் தாளைக் கொடுத்தேன். நடக்கிற வழக்கு, அதனால் அதிகம் சொல்லக் கூடாது. நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நடுவில் பெரிதாக ஒரு பலாமரம் வரைந்தான். பாதை அதைச் சுற்றிக்கொண்டு போனது. அலுவலகம் வந்து மகஜரைப் பிரித்துப் பார்த்தேன். அதில் பாதை நேராகப் போகிறது, மரம் இல்லை.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மலைக்குப் போகிறேன். ஜூனியர் டேப் எடுத்து வருகிறாள்.